மாமரத்தடியில் செடி வைக்குமுன்

செந்தூல் வீட்டு மாமரத்தடியில் நான் வைத்த மூன்று இட்லிப்பூச் செடிகளும் ஒரு பூகூடக் காட்டாமல் போய்ச் சேர்ந்தன. "மரத்தோட விஷம்தான் தம்பி, வேறென்ன?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மகன் ஒஹாயோவில் இருக்கிறான். அங்கே கறுப்பு வால்நட் மரத்தடியில் தக்காளி வாடிப்போகும் என்று சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்னது அந்த ஊருக்குச் சரி. கறுப்பு வால்நட்டின் வேர், இலை, காய்த்தோல் எல்லாவற்றிலும் ஜக்லோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. தக்காளி, உருளைக்கிழங்கு, அசேலியாவுக்கு அது ஆகாது. மரத்தை வெட்டினாலும் வேர் மட்கும்வரை தொல்லைதான். மாமரத்தில் ஜக்லோன் கிடையாது. வால்நட் மரத்தடிக்கு எது ஆகும், எது ஆகாது என்ற பட்டியலைப் பார்த்து இங்கே செடி தேடுவது வீண் வேலை.

என் செடிகளைக் கொன்றது நிழல். இட்லிப்பூ, காகிதப்பூ, செம்பருத்தி எல்லாம் வெயில் கேட்பவை. நிழலில் தண்டு நீளும், மொட்டு வராது. சுங்கை பூலோ நர்சரிகளில் பூத்துக் குலுங்குபவை வெட்டவெளியில் வளர்ந்தவை. அதை யோசிக்காமல் வாங்கியது என் தப்பு.

பெரிய பாலிபேக்கில், அதாவது நர்சரி பிளாஸ்டிக் பையில், வளர்ந்த செடி வாங்கியது அடுத்த தப்பு. மாமரத்தின் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கும். பெரிய குழி வெட்டினேன். விரல் தடிமன் வேர்கள் நான்கு அறுந்து, மாங்காய்ப் பால் வாசம் அடித்தது. சின்னச் செடியாக வாங்கி, வேர்களுக்கு இடையே கைக்கரண்டியால் நோண்டி வையுங்கள். வேர் வெளியே தெரிகிறதே என்று செம்மண் கொட்டி மூடுவது அதைவிட மோசம். வேருக்கு மூச்சு முட்டும், அடிமரப் பட்டை அழுகும்.

கோலாலம்பூரில் மழைக்கா பஞ்சம் என்று தண்ணீர் விடாமல் இருப்பவர்களும் உண்டு. சாயங்காலத் தூறல் ஓய்ந்ததும் மரத்தடியில் விரலை விட்டுப் பாருங்கள்: ரோடு நனைந்திருக்கும், மழையை இலைகள் தடுத்துவிடுவதால் மண் காய்ந்திருக்கும்.

நிழலுக்கு அழகு என்று புரோமிலியாட் வைப்பார்கள். அதன் இலைக்குவளையில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒன்றரை வாரத்துக்குள் கொசு பறக்கும். டெங்கி ஊரில் எனக்கு அந்த அழகு வேண்டாம்.

இப்போது மரத்தடியில் டிராசீனா நிற்கிறது. இலைகளுக்கு நடுவே வெயில் புகும் ஓரத்தில் பாண்டானும் மஞ்சளும். பாண்டான் கன்றைப் பிடுங்கிக் கொடுத்தது அதே அக்காதான். "விஷத்துல வரட்டும், பாப்போம்" என்றார். இப்போது நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு இலை கேட்டு வருகிறார்.