பழைய லொறி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: பம்பைக் கழற்றும் முன் டீசல் லைனில் எயாரைத் தேடுங்கள்

எங்களிடம் இருப்பது ஒரு பழைய இசுசு எல்ஃப். 4ஜேபி1 என்ஜின், 2771 சிசி, டீசலைத் தள்ளுவது ரோட்டரி பம்ப். அதிகாலை இரண்டரைக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்து புறப்பட்டால்தான் பேலியகொடை மெனிங் சந்தையில் நேரத்துக்கு மரக்கறி ஏற்றலாம். இரண்டு மாதமாக அந்த நேரத்தில்தான் தொல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. ஐந்தாறு தடவை அடித்த பிறகு இருமிக்கொண்டு எழும்பும். அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை.

ஒரு கராஜில் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் பம்ப் போய்விட்டது என்றார்கள். கழற்றிக் கொடுத்து, பெரிய தொகை செலவழித்து, திரும்பப் பூட்டினோம். ஒரு கிழமை கழிய அதே கதை. கடைசியில் பிழையைக் காட்டித் தந்தது பஞ்சிகாவத்தையில் வாங்கிய இரண்டடிக் கண்ணாடி ஹோஸ், அதாவது உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ். அந்தச் செலவு இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் லொறிகளுக்கு மட்டும். பற்றரி, செல்ஃப், எயார் பில்டர் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள்

ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அது ஹீட்டர் பிளக், டைமிங், கொம்பிரஷன் பக்கம். புகையே வராவிட்டால் டீசல் என்ஜினுக்குள் போகவே இல்லை. எங்களுடையது இந்த இரண்டாவது ரகம். அன்றைக்கு இதைப் பார்த்திருந்தால் ஹீட்டர் பிளக்கைத் தொட்டிருக்கவே மாட்டோம். நேரடியாக டீசல் பீச்சும் என்ஜினுக்குக் கொழும்பின் 23, 24 பாகை விடியல் ஒரு குளிரே இல்லை. நுவரெலியா என்றால் வேறு பேச்சு.

செல்ஃபை ஒரு தடவையில் 10 முதல் 15 செக்கனுக்கு மேல் அடிக்காதீர்கள். அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

கைப் பம்ப் சொல்லும் செய்தி

மறுநாள் காலை, சாவியைத் தொடும் முன் டீசல் பில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்பை அமத்துங்கள். இன்லைன் பம்ப் என்றால் அது பம்பின் பக்கவாட்டில் இருக்கும். இரண்டு மூன்று அமத்தலில் இறுகினால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது முப்பது தடவை பஞ்சு மாதிரிப் போய் அதன் பிறகு இறுகி, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிட்டது. அதாவது லைன் எங்கேயோ எயார் வாங்குகிறது.

காசு செலவில்லாத இன்னொரு சோதனையும் உண்டு. சரிவான இடத்தில் முன்பக்கம் கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்துங்கள், மறு இரவு முன்பக்கம் மேலே இருக்கும்படி. முதல் காலை சுலபமாகவும் மறு காலை கஷ்டமாகவும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி. சில்லுக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்

நான் ஈரத்தைத் தேடினேன். டோர்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு துளி டீசல்கூட இல்லை. லைன் சுத்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பம்ப் கழன்றது அதனால்தான்.

டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் இருப்பது உறிஞ்சும் பக்கம். டாங்கி தாழ்வாக இருக்கிறது, பம்ப் உள்ளே இருக்கும் சிறு சிறகுகள் டீசலை இழுத்து எடுக்கின்றன. வெடித்த ஸ்ட்ரோவில் செவ்விளநீர் குடித்துப் பாருங்கள்: வெடிப்பால் இளநீர் வெளியே சிந்தாது, காற்றுத்தான் உள்ளே வரும். லைனிலும் அப்படித்தான். வெளியே காய்ந்து கிடக்கும் மூட்டுத்தான் கள்ளன்.

ஆகவே கண்ணாடி ஹோஸ். பைப்பின் அளவுக்குப் பொருந்தும் ஹோஸ் இரண்டு அடி வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுங்கள். கைப் பம்பை அமத்தி லைனில் உள்ள எயாரை வெளியேற்றி, என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பூட்டும்போது புகுந்த காற்று முதலில் குமிழாகப் போகும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதன் பிறகும் வருகிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஹோஸில் குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள், இரண்டு மூன்றாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. மறுநாள் விடியற்காலை டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் வெறுமையாக இருந்தது. உட்சுவரில் எண்ணெய்ப் பூச்சு மட்டும்.

அடுத்து அதே ஹோஸை பில்டருக்கு முன்னால், டாங்கியில் இருந்து வரும் பக்கம் மாட்டுங்கள். இங்கே குமிழ் இல்லாமல் பில்டருக்குப் பிறகு மட்டும் இருந்தால் பிழை பில்டர் தலையில்: கைப் பம்பில் வெடிப்பு, ரப்பர் வளையம், அல்லது செப்பு வொஷர். இரண்டு இடத்திலும் குமிழ் வந்தால் டாங்கிப் பக்கம் போங்கள். எங்களுக்கு இரண்டிலும் வந்தது.

உறுதிப்படுத்த, சுத்தமான டீசல் உள்ள சிறு கேனை பம்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேரே பில்டருக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை அரைச் சுற்றில் பிடித்தது. பிழை கெபினுக்குக் கீழே, இரும்புப் பைப்பின் முனையில் இருந்த நான்கு அங்குல ரப்பர் துண்டு. நேராக இருக்கும்போது புதிது மாதிரி. மடித்தபோதுதான் கிளிப்பின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வாயைத் திறந்தன.

கிளிப் பற்றி என் கருத்து: பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும் சாதாரண கிளிப்பை டீசல் ஹோஸுக்குப் போடாதீர்கள், அது ரப்பரைக் கடிக்கிறது. நட்டும் போல்ட்டும் வைத்து இறுக்கும் மழுங்கலான பட்டைக் கிளிப்தான் நல்லது. ஹோஸும் டீசலுக்கென்றே செய்தது வேண்டும். செப்பு வொஷரைக் கழற்றினால் புதிது போடுங்கள். கண்ணாடி ஹோஸ் சோதனைக்கு மட்டும். நாளாக நாளாக விறைத்துவிடும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எயார் இல்லையென்றால்

பில்டரின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஒரு போத்தலில் வடியுங்கள். பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் கீழே பிரிந்து நிற்கும். 2022இல் கியூவில் நின்று சேர்த்த டீசலைப் பலரும் கேனிலும் பீப்பாயிலும் வைத்திருந்தோம். அந்தத் தண்ணீரும் துருவும் டாங்கிக்குள் போயிருந்தால், டாங்கியைக் கழுவாமல் பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது பில்டர் பூட்டும்போது பழைய ரப்பர் வளையம் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ரோட்டரி பம்பின் மேல் ஒற்றை வயரோடு ஒரு சொலினொய்ட் இருக்கும். சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரில் கரண்ட் வருகிறதா என்று சோதனை பல்பால் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் பம்புக்குள் டீசல் திறக்காது.

கடைசியாக, என்ஜினுக்குள் டீசல் பீச்சும் நொசில்களின் பக்க நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். டீசல் துடித்துத் துடித்து வந்தால் பம்ப் தள்ளுகிறது. கையையும் முகத்தையும் தூர வையுங்கள். நொசில் நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில்தான் திறக்கும், அந்த வேகத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைக்கும். துளைத்தால் வலி குறைவு என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணினி மூலம் டீசல் பீச்சும் புது ரக கொமன் ரெயில் என்ஜினில் இதைச் செய்யவே கூடாது.

லைனில் குமிழ் இல்லை, சொலினொய்டும் சரி, ஆனாலும் இங்கே டீசல் வரவில்லை என்றால் மட்டும் பம்பைக் கழற்றுங்கள்.

பிறகு சேர்த்தது

ஹட்டனில் இருந்து ஒரு தம்பி எழுதினார்: காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஒரு மணித்தியாலம் ஓடி நின்றால் திரும்பப் பிடிக்காது. கண்ணாடி ஹோஸில் குமிழும் இல்லை. டாங்கி மூடியைத் திறக்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்ததாம். மூடியின் மூச்சுத் துளை சேற்றால் அடைத்து, டாங்கிக்குள் வெற்றிடமாகி, டீசல் வராமல் நின்றிருக்கிறது. இந்த ரகக் கோளாறு என்றால் ஹோஸ் வாங்கப் போகும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். துளையை மெல்லிய கம்பியால் குத்தி, எயார் அடித்துப் பூட்டினால் போதும்.