பழைய வார்ப்பிரும்புக் கணப்பு அடுப்பை மீண்டும் எரியவைப்பது எப்படி?

ஜனவரி வந்துவிட்டால் செண்டுவாரைப் பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி படிந்து கிடக்கும். மூணாறு சுற்றுவட்டாரத்தில் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் வைத்துக் குளிர்காய்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அந்தப் பயத்தில்தான் ஆக்ரிக்கடையில் (பழைய இரும்புக்கடையில்) எடைக்குக் கிடந்த பழைய பங்களா அடுப்பை வாங்கி வந்தேன். அதைச் சரிசெய்ய இரண்டு குளிர்காலம் ஆனது.

வாங்கும்போது

ஸ்பேனரால் நான்கு பக்கமும் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. இருட்டில் உள்ளே டார்ச் வைத்தால் விரிசலும் இடைவெளியும் தெரிந்துவிடும். உடம்பில் விரிசல் என்றால் வேண்டாம். வார்ப்பிரும்பைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

பிரிப்பதும் துருவும்

கதவு விளிம்பில் சாம்பல் நிறத்தில் பழைய கயிறு இருந்தால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். துருவுக்கு நான் கிரைண்டரைத் தொடவில்லை. கம்பி பிரஷும் கையும் போதும். பழைய அடுப்புகளில் உள்ள பூவேலைப்பாடு கிரைண்டரில் மழுங்கிவிடும். தேய்த்த அன்றே சைலன்சருக்கு அடிக்கிற வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை அடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் மறுபடி துரு பூத்துவிடும்.

இணைப்புகளுக்கு ஃபயர் சிமென்ட் எனும் தீ தாங்கும் சிமென்ட் மட்டுமே. தேயிலை ஃபாக்டரிகளின் ட்ரையர் உலைக்கும் பாய்லருக்கும் சாமான் விற்கும் கடைகளில் அதுவும் கண்ணாடி இழைக் கயிறும் கிடைக்கும். கயிற்றைக் கதவில் ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் மெலிந்து புகை விடும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் எளிதாக உருவி வரக் கூடாது.

குழாய்: நான் தவறிய இடம்

புகை மேலே போகிறது, அதனால் கீழ்க்குழாயின் வாய் மேல்குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று நினைத்து அப்படியே மாட்டினேன். மூன்றாம் நாள் இணைப்பிலிருந்து தேன் போல ஒரு கறுப்புத் துளி வெளியே வழிந்தது. பிறகு இன்னொன்று. ஒரு வாரத்தில் வெள்ளைச் சுவரில் முழ நீளத்துக்குத் தார் இறங்கியிருந்தது. வீடெங்கும் காரல் நாற்றம். தகர வேலை செய்யும் அண்ணன் பார்த்தவுடனே, “கூரையில் மழைக்குழாயை எப்படித் தம்பி மாட்டுவாய்?” என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது. குழாய்க்குள் புகை குளிர்ந்து தாராகிக் கீழே இறங்குகிறது. மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் நுழைந்திருந்தால் அது உள்ளுக்குள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். அடுப்பு நன்றாக இழுத்தால் புகை அந்த இணைப்பு வழியே வெளியே வராது.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய் வேண்டாம். சூடேறினால் துத்தநாகப் புகை வரும். கறுப்பு இரும்புத் தகடு கேளுங்கள். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயர்த்துங்கள். கூரை முகடு அருகில் இருந்தால் அதற்கும் மேலே இரண்டடி போக வேண்டும். மரச்சுவர், திரைச்சீலை எல்லாம் அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளியிருக்கட்டும்.

வெப்பம் கூட

என் அடுப்பில் தீ நேராகக் குழாய்க்குள் ஓடியது. குழாய்வாய்க்குக் கீழே கனமான இரும்புத் தகடு ஒன்றைப் படுக்கையாக வைத்து, முன்பக்கம் மட்டும் வழி விட்டேன். அந்த வழி குழாயின் வாயளவுக்குக் குறையக் கூடாது. தீ சுற்றிப் போவதால் புகையும் சேர்ந்து எரிகிறது; அறையும் சீக்கிரம் சூடாகிறது.

முதல் மூன்று முறை சிறிய தீயாக மூட்டி ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபயர் சிமென்ட் வெடித்துவிடும்.

விறகு ஈரமாக இருந்தால் இத்தனையும் வீண். கிராண்டிஸ் எனும் யூகலிப்டஸ் விறகை ஜனவரியில் பிளந்து, மேலே மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்குங்கள். ஜூன் மழை முழுவதும் அதற்குள் காற்று ஓட வேண்டும். அடுத்த ஜனவரிக்கு ஆகும். இரண்டு துண்டுகளை மோதினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு தேவிகுளத்திலிருந்து ஒருவர், பனிமூட்டக் காலையில் மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது என்று எழுதியிருந்தார். குழாய்க்குள் குளிர்ந்த காற்று கனத்து நிற்பதுதான் காரணம். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய்வாய் அருகே பிடியுங்கள். அது ‘ஹூ’ என்று மேலே இழுக்கும் சத்தம் கேட்டபிறகு விறகைப் பற்றவையுங்கள்.