28 நாள் கணக்கு: மாதச் சுழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், கூடலூர்ப் பகுதிகளில் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி மலை கடந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களின் கைபேசிகளிலும் இப்போது, மாதவிடாய்ச் சுழற்சிக்கேற்ப வாழச் சொல்லும் ஓர் அட்டவணை சுற்றி வருகிறது. முதல் வாரம் ஓய்வு, இரண்டாம் வாரம் கடும் உழைப்பு என்று மாதத்தை அது நான்காக வகுக்கிறது. நாட்கூலி வேலையில் முதல் வாரம் ஓய்வெடுக்க யாரால் முடியும் என்பது ஒருபுறமிருக்க, அதன் கணக்கே பலருக்குப் பொருந்துவதில்லை.

எல்லோருக்கும் சுழற்சி 28 நாள் என்று கொள்வதுதான் முதல் தவறு. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பே. தலைக்குக் குளித்த நாளிலிருந்து சிலர் எண்ணுகிறார்கள். இரத்தப்போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். கருமுட்டை வெளியாவது, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு என்பதால், 34 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 20ஆம் நாளை ஒட்டியே நிகழும். கருத்தடை மாத்திரை உட்கொள்பவருக்கோ பொதுவாகக் கருமுட்டையே வெளியாவதில்லை. ஆகவே பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இரண்டு மூன்று சுழற்சிகளுக்கு இரத்தப்போக்கு, வலி, உறக்கம், எரிச்சல் ஆகியவற்றைக் குறித்துவைத்த பிறகே எதையும் மாற்றத் தொடங்குங்கள்.

எள் போன்ற விதைகளைச் சுழற்சியின் கட்டத்துக்கேற்ப மாற்றி மாற்றி உண்டால் ஹார்மோன் சீராகும் என்று சிலர் சொல்வதற்கும் உறுதியான சான்று இல்லை. எள்ளுருண்டையை எந்த வாரமும் உண்ணலாம்.

ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் கிடப்பதால், பகல் முழுவதும் குனிந்தே காய் எடுக்க வேண்டியிருக்கிறது. வயிற்றுவலியைப் பொறுத்துப் பொறுத்து, தாங்க முடியாமற்போன பிற்பகலில் மாத்திரை போடுவது பெருந்தவறு. மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள், வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தடுப்பவை என்பதால், வலி தொடங்கும்போதே, உணவுக்குப் பின் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கழிப்பறை இல்லையென்று தண்ணீர் குடிக்காமலும், ஒரே நாப்கினோடு மாலைவரையும் இருப்பது அதைவிடத் தீங்கு. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பூச்சிமருந்து பட்ட செடியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே மாற்ற வேண்டும். உள்ளே பொருத்தி இரத்தத்தைச் சேகரிக்கும் மாதவிடாய்க் கிண்ணம் 12 மணி நேரம் வரை தாங்கும் என்பதால் இத்தகைய வேலைக்கு அது பொருத்தமானது. ஆலப்புழை நகராட்சி 2019இல் ‘திங்கள்’ திட்டத்தில் 5,000 கிண்ணங்களை இலவசமாக வழங்கியது. எல்லைக்கு இப்பால் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களே குறைவு.

மணிக்கொரு நாப்கின் நனைவதையும், ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடிப்பதையும் ‘உடம்புவாகு’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பத்து மணித் தேநீரோடு விழுங்கினால் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளிவைத்து, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள்.