வில்லோவைக் கிணற்றடியில் நட்டுவிடாதீர்கள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் யாழ்ப்பாணத்தில் ஊரில் வீடு கட்டும்போது, அங்கே குளக்கரையில் பார்த்த வீப்பிங் வில்லோ, தலைமயிரை விரித்துவிட்டதுபோல் கிளைகள் நிலம்வரை தொங்குமே, அதில் ஒன்று வளவுக்குள் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆசை விளங்குகிறது. நட முதல் இதை வாசித்துவிடுங்கள்.

"தண்ணீர் விரும்பும் மரம்தானே, கிணற்றடியில் வைப்போம்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வில்லோவின் வேர் ஈரத்தைத் தேடி வெகுதூரம் ஓடும். நல்ல குழாயை அது உடைக்காது, ஆனால் மயிரளவு வெடிப்புக் கிடைத்தாலே நுழைந்து உள்ளே சடைபோலப் படர்ந்துவிடும், கிணற்றுக் கட்டின் பொருத்துகளும் மலசலகூடக் குழியும் அதற்கு அப்படித்தான். எங்கள் பழைய கிணற்றுக் கட்டில் முளைத்த ஓர் அரசங்கன்றைச் சின்னதுதானே என்று விட்டுவைத்து, பிறகு கல்லைக் கழற்றித்தான் வேரை எடுத்தோம். குடிக்கிற தண்ணீரே கிணற்றிலிருந்து வருகிற ஊரில் இது விளையாட்டில்லை.

வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 15 மீற்றர் தள்ளி நடச் சொல்வார்கள். சுற்றிவர அவ்வளவு விட்டால் ஏறக்குறைய மூன்று பரப்புக் காணி, அதாவது 700 சதுர மீற்றர், அந்த ஒரு மரத்துக்கே போய்விடும்! நம்மில் பலருக்கு மொத்த வளவே இரண்டு பரப்புத்தான்.

அப்புறம் காலநிலை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குப் பாபிலோன் பெயரை வைத்துவிட்டார், உண்மையில் அது வட சீனத்து மரம், குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுத்துப் பழகியது. இங்கே தை மாதத்து இரவுகூட அரிதாகத்தான் 20 பாகைக்குக் கீழே இறங்கும். வற்றாத ஆறும் இல்லை, வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், சில இடங்களில் அலவாங்கு போட்டால்தான் கிடங்கே வெட்டலாம். கோடையில் அதை உயிரோடு வைத்திருக்க மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறிவிடும்.

வேலிக்கு நடுகிற பூவரசங் கதியால்போல வில்லோத் தடியும் சுலபமாக வேர்விடும் என்பது சரி, அதற்காகப் பெட்டிக்குள் ஒரு தடியை ஒளித்துக் கொண்டுவராதீர்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நோய் ஒன்று அதோடு வந்து நமது தோட்டங்களுக்குள் இறங்கினால் யார் தடுப்பது?

தொங்குகிற மரம்தான் வேண்டுமென்றால் நான் சொல்வது தொங்கு பொட்டில் பிறஷ். கிழக்கு அவுஸ்திரேலியாவின் மரம், வெயில் தாங்கும், சிவப்பாகப் பூக்கும், தேன்சிட்டு வரும். இதிலும் சில தவறுகள் நடக்கின்றன. பங்குனி வெயிலில் நடாதீர்கள், ஐப்பசியில் மழை தொடங்கும்போது நடுங்கள். தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், பிறகு சோளகக் காற்று அடிக்கும்போது மரம் சாயும். வாரத்தில் இரண்டு தரம் ஊற நனைப்பது நல்லது. அடித்தண்டைச் சுற்றி மண்ணையும் பசளையையும் குவிக்காதீர்கள், தண்டு அழுகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துக் கிடைக்காத குறை, யூரியா போட்டுத் தீராது. தலையை மட்டமாக வெட்டினால் தொங்கும் அழகே போய்விடும், பூத்து முடிந்ததும் வாடிய பூவுக்குச் சற்றுக் கீழே மட்டும் நறுக்குங்கள்.