பட்டுத் தலையணை உறை, பெட்ஷீட்: வீட்டிலேயே துவைப்பது எப்படி?

பட்டுப் புடவையை யாரும் துவைப்பதில்லை. விசேஷத்துக்குக் கட்டிவிட்டு வந்ததும் நிழலில் காற்றாட விரித்துப் போடுவோம், அப்புறம் மடித்து பீரோவில் வைப்போம், எப்போதாவது டிரை கிளீனிங் போகும். அந்தப் பழக்கத்தில் பட்டுத் தலையணை உறையையும் வாரக்கணக்கில் துவைக்காமல் விடுகிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. உறை நம் தலைக்கு அடியில் தினமும் ஏழெட்டு மணி நேரம் கிடக்கிறது. வியர்வை, தேங்காய் எண்ணெய், முகத்தில் பூசின க்ரீம் எல்லாம் அதில்தான் இறங்குகின்றன. வியர்வையின் உப்பு இழையில் தங்கத் தங்க பட்டு மஞ்சளாகி நைந்துவிடும்.

நான் வாங்கிய முதல் உறையை அப்படித்தான் இழந்தேன். ஒரு மாதம் துவைக்கவே இல்லை, அப்புறம் எண்ணெய்க் கறை போகட்டும் என்று வழக்கமான வாஷிங் பவுடரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் எடுத்தால் பளபளப்பு மொத்தமும் போய், தொட்டால் காடாத் துணி மாதிரி சொரசொரப்பு. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

காரணம் இதுதான். பட்டு, நம் தலைமுடியைப் போலவே புரதத்தால் ஆன இழை. வாஷிங் பவுடரில் காரம் அதிகம்; அதோடு ரத்தம், பால், முட்டைக் கறையைக் கரைப்பதற்காகப் பல பவுடர்களில் புரதத்தை உடைக்கும் என்சைம் சேர்க்கிறார்கள். கறை எது, துணி எது என்று அதற்குத் தெரியாது, பட்டையும் சேர்த்தே அரிக்கும். ப்ளீச்சிங் பவுடர், ப்ளீச் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது.

முதலில் உங்களிடம் இருப்பது நிஜப் பட்டுதானா என்று பாருங்கள். 'சாட்டின்' என்பது நெய்யும் விதத்தின் பெயர், அதைப் பாலியெஸ்டரிலும் நெய்யலாம். தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியாக மணி மாதிரி திரண்டால் பாலியெஸ்டர். நம் நாட்டில் வாங்கியதென்றால் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா பாருங்கள், மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த அடையாளம் அது. பாக்கெட்டில் 19, 22, 25 மொம்மி என்று போட்டிருப்பது துணியின் எடை. 1 மொம்மி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். அடிக்கடி துவைத்துப் புழங்க 22 நல்லது.

சரி, துவைக்கலாம். புதுசு என்றால், ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்தி எடுத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வாளியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 10 லிட்டர், சாதாரணக் குளிர்ந்த தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் வெள்ளையாகப் படியும், அதனால் கார்ப்பரேஷன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் அதுதான் உத்தமம். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு ஒரு ஸ்பூன், இல்லையென்றால் கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே விற்கும் லிக்விட். பூந்திக்கொட்டையும் அருமையாக வேலை செய்யும்: ஐந்தாறு கொட்டையை விதை நீக்கி ராத்திரி ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டிக் கலந்துகொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பழுப்பாக இருக்கும் என்பதால் வெள்ளை, சந்தன நிறத் துணிக்கு மட்டும் வேண்டாம்.

உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி முக்கி, மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். கசக்கவோ பிரஷ் போடவோ கூடாது. ஐந்து நிமிடம் போதும். ஈரமான பட்டுக்கு வலு குறைவு, அதனால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் மொத்தமாக அள்ளி எடுங்கள், பெட்ஷீட் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தண்ணீர் குடித்த பெட்ஷீட்டின் கனம் முழுக்க அந்த ஒரு முனையில் இறங்கும். நுரை போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டால் மிச்சம் இருக்கும் சோப்புக் காரம் போய் மினுமினுப்பு திரும்ப வரும். வாசனை காய்ந்ததும் போய்விடும்.

பெட்ஷீட்டைக் கையால் துவைக்க முடியவில்லையா? மெஷினில் போடலாம். ஜிப் வைத்த வலைப் பையில் போட்டு, டெலிகேட் மோடு, குளிர்ந்த தண்ணீர், ஸ்பின் 400 முதல் 600-க்குள். கூட ஜீன்ஸ், துண்டு எதுவும் வேண்டாம்.

கறைகளில் நம் வீட்டில் முதல் எதிரி தலை எண்ணெய். அந்த இடத்தில் டால்கம் பவுடரோ சோள மாவோ தூவி ராத்திரி விட்டு, காலையில் தட்டிவிட்டுத் துவையுங்கள். ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறையில் சோப்புக் கட்டியைத் தேய்க்காதீர்கள், காரம் பட்டதும் சிவப்பாக மாறும். ஷாம்புத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் மங்கிவிடும்.

பிழியவே பிழியாதீர்கள். பெரிய துண்டின் மேல் விரித்து, துண்டோடு பாய் மாதிரிச் சுருட்டி அழுத்தினால் ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், வெயிலில் பட்டு மஞ்சளாகும், இழையும் பலவீனமாகும். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாக சில்க் சூட்டில் இஸ்திரி போட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் துளித் துளியாகத் தடம் விழும். கரிப்பெட்டிக்குச் சூடு குறைக்க வழியில்லை, அதனால் தெரு இஸ்திரிக்கு இதைக் கொடுக்க நான் துணிவதில்லை.

தலையணை உறை வாரம் ஒரு தடவை, பெட்ஷீட் பத்து நாளுக்கு ஒரு தடவை. இரண்டு செட் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். மடித்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டியில் சுற்றி வைத்தால் காற்று போகும். அந்துருண்டை நேராகத் துணியில் படக்கூடாது.

உள்ளே பட்டு நிரப்பிய போர்வை மட்டும் தனிக் கணக்கு. அதைத் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் இழை ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. அதற்கு ஒரு உறை போட்டு, உறையை மட்டும் துவையுங்கள். போர்வையை மாதம் ஒரு முறை நிழலில் இரண்டு மணி நேரம் விரித்து வைத்தால் போதும்.