38 மி.மீ.யா, 40 மி.மீ.யா? சைக்கிள் எஞ்சினின் ஸ்ட்ரோக்கை அளந்து ஒப்பிடும் முறை

சைக்கிளில் பொருத்துவதற்கென்றே சீனாவில் தயாரிக்கப்பட்டு, உதிரிகளாகப் பெட்டியில் வரும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெரும்பாலும் '80 சிசி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இந்த வகையில் பரவலாகக் கிடைப்பவற்றின் சிலிண்டர் விட்டம், அதாவது போர், 47 மி.மீ. ஆகும். பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரமாகிய ஸ்ட்ரோக் சிலவற்றில் 38 மி.மீ., வேறு சிலவற்றில் 40 மி.மீ. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி உதிரி வாங்கக் கூடாது. அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

தேவையானவை ஆழம் அளக்கும் கம்பியுள்ள வெர்னியர் காலிப்பர், ஸ்பேனர், நான்கு சிறு குழாய்த் துண்டுகள், சுத்தமான துணி ஆகியவை மட்டுமே.

முதல் படி: ஹெட்டைக் கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, சிலிண்டரின் மேல் மூடியாகிய ஹெட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளக் துளை வழியாகவே கம்பியை விட்டு அளந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பல ஹெட்டுகளில் அந்தத் துளை சாய்வாக இருப்பதால் கிடைக்கும் அளவு தவறாகிவிடும்.

தொடங்குபவர்கள் தவறவிடும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. இந்த எஞ்சின்களில் ஹெட்டையும் சிலிண்டரையும் ஒரே நான்கு நீண்ட ஸ்டட்கள், அதாவது மரையுள்ள கம்பிகள்தான் பிடித்திருக்கின்றன. ஹெட்டை எடுத்தவுடன் சிலிண்டரும் பிடிப்பை இழந்து, பிஸ்டன் மேலே வரும்போது அதனோடு சேர்ந்து எழும்பி, அடியிலுள்ள கேஸ்கட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் மெல்லிய தகட்டைக் கிழித்துவிடக்கூடும். ஆகவே ஸ்டட்களில் குழாய்த் துண்டுகளைச் செருகி, நட்டுகளை மெதுவாக முடுக்கி, சிலிண்டர் அசையாதபடி செய்த பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: அளத்தல்

கிளட்ச் லீவரை அழுத்தாமல் விட்ட நிலையில் சைக்கிளை மெல்லத் தள்ளினால் பிஸ்டன் நகரும். பிஸ்டன் மிக மேலே வந்ததும், காலிப்பரைச் சிலிண்டரின் மேல் விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குக் கம்பியாகிய 'பிஸ்டன் பின்' (pin) செல்லும் திசைக்கு நேர் மேலே ஓரிடத்தில் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திசையிலிருந்து விலகிய ஓரங்களில் பிஸ்டன் சற்று ஆடுவதால் அங்கே எடுக்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு பிஸ்டனை மிகக் கீழே கொண்டுசென்று, அதே இடத்தில் மீண்டும் அளந்து, இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பது ஸ்ட்ரோக். மேலே இருந்தபோது அந்த இடம் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால், அந்த அளவைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: கணக்கிடுதல்

போரையும் ஸ்ட்ரோக்கையும் சென்டிமீட்டரில் எடுத்து, போரின் வர்க்கத்தை 0.7854-ஆல் பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் கொள்ளளவு சிசியில் கிடைக்கும். 47 × 38 எஞ்சினுக்கு 65.9 சிசியும், 47 × 40 எஞ்சினுக்கு 69.4 சிசியும் வரும். இரண்டுமே 80 அல்ல. நமக்குப் பழக்கமான டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட்டின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 46 × 42 மி.மீ. அளவில் 69.9 சிசி கொண்டிருந்தது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்திய சைக்கிள் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடுவதால், பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது.

நான்காம் படி: வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுதல்

40 மி.மீ. எஞ்சினில் கொள்ளளவு சுமார் 5 விழுக்காடு கூடுகிறது. இழுவிசையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் கூடும் என்று எதிர்பார்க்கலாம். மறுபுறம், நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 7.6 மீட்டரிலிருந்து 8 மீட்டராக உயர்கிறது. பிற பாகங்கள் ஒன்றாகவே இருந்தால் அதிர்வும் அதற்கேற்பக் கூடும்.

என் பார்வையில் இந்தச் சிறு ஆதாயத்தைவிடப் பாகங்களின் பொருத்தமே பெரிய விஷயம். 38 மி.மீ. எஞ்சினின் சிலிண்டரையும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடின் நீளத்தையும் மாற்றாமல் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கை மட்டும் 40 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ளதாக மாற்றினால், பிஸ்டன் மேலே 1 மி.மீ. கூடுதலாக ஏறி ஹெட்டில் மோதக்கூடும். அதைத் தவிர்க்கச் சிலிண்டருக்கு அடியில் 1 மி.மீ. கூடுதல் கேஸ்கட் வைத்தால் மோதல் நிற்கும். ஆனால் சிலிண்டரோடு சேர்ந்து புகை வெளியேறும் துளையாகிய எக்ஸாஸ்ட் போர்ட்டும் உயர்கிறது. பிஸ்டன் தன் உச்சியிலிருந்து அந்தப் போர்ட் வரை இறங்க வேண்டிய தூரம் பழைய அளவே இருக்க, நீண்ட ஸ்ட்ரோக்கில் கிராங்க் குறைவாகச் சுழன்றதுமே அந்தத் தூரம் கடந்துவிடுகிறது. அதனால் போர்ட் முன்கூட்டியே திறந்து, குறைந்த வேகத்தில் கிடைக்க வேண்டிய இழுவிசை தளர்ந்துவிடும். எந்த இழுவிசைக்காக நீண்ட ஸ்ட்ரோக்கை விரும்பினோமோ, அதுவே கைநழுவிப் போகிறது.

ஐந்தாம் படி: இடைவெளியைச் சோதித்தல்

எந்தப் பாகத்தை மாற்றினாலும், ஹெட்டை மூடுமுன் மென்மையான சால்டர் கம்பித் துண்டு ஒன்றைப் பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே, சிலிண்டர் சுவரைத் தொடும்படி வையுங்கள். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முடுக்கி, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று மெதுவாகச் சுழற்றுங்கள். எங்கேனும் தடைபட்டால் வலிந்து சுழற்ற வேண்டாம். பிறகு ஹெட்டைத் திறந்து, நசுங்கிய கம்பியின் தடிமனை அளந்தால் அதுவே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. அது 0.8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், முதன்முறை செய்பவர்கள் எஞ்சினை இயக்காமல் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.