பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது பிரசவ பில்லை மட்டும் பார்க்காதீர்கள்

பலர் பிரசவ இன்சூரன்ஸ் தேட ஆரம்பிப்பதே கர்ப்பம் உறுதியான பிறகுதான். சொந்தமாக எடுக்கும் பாலிசியைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தாமதம். காரணம் எளிது, இன்னும் சில மாதத்தில் கட்டாயம் வரப்போகிற செலவை எந்தக் கம்பெனியும் புதிதாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாது. அதனால்தான் காத்திருப்பு காலம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், பாலிசி எடுத்து அந்தக் காலம் கழிந்த பிறகுதான் பிரசவச் செலவைக் கேட்க முடியும். சில பாலிசிகளில் 9 மாதம், சிலவற்றில் ஒரு வருடம், இன்னும் சிலவற்றில் 2 முதல் 4 வருடம்வரை போகும். இதில் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு. எனவே குழந்தை பற்றிய பேச்சு வீட்டில் எழும்போதே பாலிசி பேச்சும் எழுந்தால் நல்லது.

காத்திருப்பு காலம் எந்தத் தேதியை வைத்துக் கணக்காகிறது என்பதை முதலில் கேளுங்கள். மருத்துவமனையில் சேரும் தேதியில் அது முடிந்திருந்தால் போதும் என்று சில பாலிசிகள் சொல்லும், கரு உருவானதே அதற்குப் பிறகாக இருக்க வேண்டும் என்று சில சொல்லும். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 மாத வித்தியாசம் இருக்கிறது. முதல் வகை என்றே வைத்துக்கொள்வோம். காத்திருப்பு 12 மாதம், அதாவது 52 வாரம். கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரமாக எண்ணுவார்கள். பாலிசி எடுத்து 12 வாரம் கழித்து அந்த எண்ணிக்கை தொடங்கினால் கணக்கு சரியாக வருவதுபோலத் தெரியும், ஆனால் குழந்தை 34-வது வாரத்திலேயே பிறந்துவிட்டால் பாலிசிக்கு அப்போது 46 வாரம்தான் ஆகியிருக்கும், கிளைம் கையை விட்டுப் போய்விடும். குறைந்தது இரண்டு மாதமாவது கூடுதல் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

அடுத்தது பணக் கணக்கு, இதைத்தான் ஏஜென்ட் உங்களோடு உட்கார்ந்து போட மாட்டார். பிரசவத்துக்கான தொகைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும், மொத்தக் காப்பீட்டுத் தொகையில் அது சின்னத் துண்டாகவே இருக்கும். ஒரு உதாரணத்துக்கு, பிரசவத்தைச் சேர்ப்பதற்காக மட்டும் வருடத்துக்கு 10 பங்கு பணம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள், காத்திருப்பு 3 வருடம், உச்சவரம்பு 35 பங்கு என்றால், உங்களுடைய 30 பங்கைத்தான் 35 ஆக்கித் திருப்பித் தருகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு தனி வங்கிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வைக்கலாம். காத்திருப்பு குறைவாகவும் உச்சவரம்பு உண்மையான மருத்துவமனை பில்லுக்குப் பக்கத்திலும் இருந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் பிரீமியத்துக்கு அர்த்தம் உண்டு.

என்னைக் கேட்டால் சுகப்பிரசவ பில்லுக்காக இன்சூரன்ஸ் எடுக்கவே வேண்டாம், அது தெரிந்த செலவு, சேர்த்து வைக்க முடியும். குடும்பத்தைப் புரட்டிப் போடுவது எதிர்பாராத செலவுதான். உலக அளவில் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் முடிவதற்குள் பிறக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப் பிறக்கிற குழந்தைகளில் சிலர் பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியுவில் வாரக்கணக்கில் இருக்க நேரும், அங்கே பில் ஒவ்வொரு நாளும் ஏறும், பிரசவ பில்லையே சிறிதாக்கிவிடும். எனவே பாலிசியை ஒப்பிடும்போது அதிக நேரத்தைக் குழந்தை பற்றிய பக்கத்தில் செலவிடுங்கள். பிறந்த முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, 90 நாள் கழித்துத்தானா? ஐசியு செலவு தாயின் பிரசவ உச்சவரம்புக்குள் அடங்குமா, முழுக் காப்பீட்டுத் தொகையிலிருந்து வருமா? பிறவிக் குறைபாடுகளுக்கு என்ன விதி? இரட்டைக் குழந்தை என்றால் தொகை கூடுமா, அதே தொகையை இரண்டு பேருக்கும் பிரிக்க வேண்டுமா?

தாய்க்கும் இதே போலத்தான். பிரசவ கவர் இல்லாத பல பாலிசிகளிலும்கூட, கருக்குழாயில் கரு தங்குவது போன்ற அவசர நிலை சாதாரண சிகிச்சையாக ஏற்கப்படும். ரத்தக் கொதிப்பால் வரும் சிக்கல், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, கருச்சிதைவு இவையெல்லாம் எந்தத் தலைப்பில் வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிரசவ உச்சவரம்புக்குள் தள்ளிவிட்டால் அந்த கவரால் பெரிய பயன் இல்லை.

சிசேரியனுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், உலகில் ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்கு மேல் அப்படித்தான் நடக்கிறது, நமக்கு வராது என்று ஒதுக்க முடியாது. அறை வாடகை வரம்பும் முக்கியம். சில பாலிசிகளில் வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காமல் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியல்) இருக்கிறதா என்று கம்பெனியிடமும் மருத்துவமனையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பது, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றுக்குப் பல பாலிசிகளில் வெளிநோயாளி கவர் இருந்தால்தான் பணம் வரும்.

தைராய்டு, சர்க்கரை, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), முந்தைய சிசேரியன், குழந்தைப்பேறு சிகிச்சை எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்றாலும் எழுதுங்கள், கிளைம் நேரத்தில் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது அவர் இல்லை, கம்பெனி.

வேலை பார்க்கும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் முதலில் அதைத் திறந்து படியுங்கள். பலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருப்பே இருக்காது. கணவர் பக்கம் ஒன்று, மனைவி பக்கம் ஒன்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே பில்லுக்கு இரண்டிலும் முழுப் பணம் வாங்க முடியாது, ஆனால் ஒன்று கொடுத்தது போக பில்லில் மிச்சம் நிற்கும் தொகையை மற்றொன்றில் கேட்க முடிகிறதா என்று விசாரியுங்கள். வேலையை விட்டால் பொதுவாக இந்த கவரும் போய்விடும், அதனால் கர்ப்பகாலத்தில் வேலை மாறும்போது புதிய இடத்தில் முதல் நாளிலிருந்தே பிரசவ கவர் உண்டா என்று கேட்ட பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.

ஏற்கெனவே கர்ப்பம் என்றால்? குரூப் பாலிசிதான் முதல் வழி. உங்கள் நாட்டுச் சட்டம் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் பிரசவ பேக்கேஜ் விலையை எழுத்தில் வாங்குங்கள், மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர், ஐசியு இவை அதற்குள் இருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள்.

"எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்ற போன் பேச்சுக்கு மதிப்பில்லை, கேள்விகளை ஈமெயிலில் அனுப்பிப் பதிலை எடுத்து வையுங்கள். குழந்தையை பாலிசியில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம், என்ன ஆவணம் வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், பிறந்த பிறகு அந்த வேலையைத் தாயின் தலையில் கட்டாமல் வீட்டில் வேறு ஒருவர் இப்போதே பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும்.